முகப்பில் மீட்டர் பெட்டி: ஒரு மன்னார்குடி வீட்டின் மின்வேலைக் குறிப்புகள்

எலிவேஷன் படம், அதாவது வீட்டு முகப்பின் தோற்றப் படம் போட்டுத் தருகிறவர்கள் முதலில் அழிப்பது தெருக் கம்பத்தைத்தான். மன்னார்குடியில் என் அக்கா வீட்டுக்கு வந்த படத்திலும் அப்படியே. வாசலுக்கு எதிரே நிற்கும் ஈ.பி. கம்பம் அதில் இல்லை. கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர், அது இறங்கும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், மீட்டர் போர்டு எதுவுமே இல்லை. பதிலுக்கு எங்கள் தெருவில் திரும்பவே முடியாத நீளத்தில் ஒரு காரும், எந்த ஊர் மரம் என்று தெரியாத ஒரு சிவப்பு இலை மரமும் வந்திருந்தன. படத்தைப் போட்டவரைக் குறை சொல்லவில்லை. அவரிடம் கேட்டது அவ்வளவுதான். படத்தில் விட்டுப்போன சாமான்களை எங்கே வைப்பது என்ற கேள்வி எங்கள் தலையில் விழுந்தது.

வீடு 1970-களில் கட்டியது. கீழே மெட்ராஸ் டெரஸ், ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை. முன்பக்க மாடி அறை மட்டும் பிற்பாடு கான்கிரீட் போட்டு எடுத்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் முகப்பை மாற்றி, மாடி அறைக்கு முன்னால் ஒரு பால்கனி நீட்டி, இரண்டு ஏ.சி., ஒரு கீசர் என்று லோடைக் கூட்டுகிறான். சிங்கிள் ஃபேஸ் போதாது, த்ரீ ஃபேஸுக்கு மாற வேண்டும். ஆகவே சர்வீஸ் ஒயரிலிருந்து எர்த் குழி வரை எல்லாவற்றையும் தொட வேண்டியதாயிற்று. நான் ஆலை ஒன்றில் மெயின்டெனன்ஸ் பிரிவில் இருந்தவன். வீட்டு ஒயரிங் வேலையை லைசென்ஸ் உள்ள ஒயர்மேன் அண்ணன் ஒருவர் எடுத்துச் செய்தார். நான் அளவெடுப்பது, பெட்டி வரைவது, நூல் பிடிப்பது, பஞ்சாயத்து பண்ணுவது.

பழைய போர்டு

வாசல் திண்ணைக்கு மேலே, தெருவில் போகிற எவர் கண்ணிலும் படும்படி ஒரு தேக்குப் பலகை. அதில் மீட்டர், ஈ.பி. கட்-அவுட் (வாரியத்தின் ஃபியூஸ்), இரும்புப் பெட்டி மெயின் சுவிட்ச், இரண்டு பீங்கான் ஃபியூஸ் கேரியர்.

“மாமா, இவ்வளவு செலவு பண்ணி வாசல் வெக்கிறோம். வர்றவன் கண்ணுல முதல்ல படுறது இந்த டப்பாதான்” என்றான் மருமகன்.

எனக்கும் அது அழகாகப் படவில்லை. ஆனால் வைத்தவர் காரணத்தோடுதான் வைத்திருந்தார். சாரல் அடிக்காத இடம். தெருவில் தண்ணீர் நின்றாலும் எட்டாத உயரம். ரீடிங் எடுக்க வருகிறவர் யாரையும் கூப்பிடாமல் நின்று பார்த்துவிட்டுப் போகலாம். உள்ளே பொறி பறந்தால் கூடத்திலிருந்து இரண்டு எட்டில் மெயினை இறக்கலாம். இடத்தில் பிழை இல்லை, பலகையில் இருந்த சாமானில்தான் பிழை.

மீட்டர் வரைக்கும் வருவது மின்வாரியத்தின் பொறுப்பு. சீலில் கை வைக்கக்கூடாது. மீட்டர் மாற்றத்துக்கும் த்ரீ ஃபேஸுக்கும் சேர்த்து விண்ணப்பித்து, அவர்கள் ஆள் வந்து சப்ளையை நிறுத்தி மீட்டரை இறக்கிய பிறகே பலகையைக் கழற்றினோம். பின்பக்கம் பாதிக்குமேல் கரையான் மண். ஃபியூஸ் கேரியரில் ஃபியூஸ் கம்பிக்குப் பதில் ஒயரிலிருந்து உரித்த செம்பு இழைகளை முறுக்கிச் செருகியிருந்தார்கள். அது எந்தக் காலத்திலும் எரிந்து அறுந்திருக்காது. அதற்கு முன்பே சுவருக்குள் இருக்கும் ஒயர் எரிந்திருக்கும்.

பெரிய அதிர்ச்சி எர்த்தில் இருந்தது. பச்சை ஒயர் ஒன்று ஒழுங்காகச் சுவரோரம் ஓடி, கிளாம்ப் போட்டுக் குளியலறைத் தண்ணீர்க் குழாயில் முடிந்திருந்தது. அந்தக் காலத்தில் மண்ணுக்குள் நீளமாக ஓடிய இரும்புக் குழாய், அதனால் எர்த் கிடைத்தது. நடுவில் யாரோ பிளம்பர் வெளியே உள்ள இரும்புக் குழாயைத் தூக்கிவிட்டு பி.வி.சி. போட்டிருக்கிறார். வீட்டுக்குள் இருந்த இரண்டு முழ இரும்புத் துண்டு மட்டும் மிச்சம். பலகையைக் கழற்றும் முன்பே ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்திருந்தோம். பல்பு மினுக்கக்கூட இல்லை. ஃபிரிட்ஜ் பாடி, கீசர் பாடி எல்லாம் ஒன்றோடொன்று இணைந்து, பூமியோடு மட்டும் இணையாமல் இருந்திருக்கின்றன. ஒன்றில் லீக் ஆனால் எல்லாவற்றிலும் ஷாக் அடிக்கும் ஏற்பாடு. வெளியிலிருந்து பார்த்தால் அந்த வீட்டிலேயே ஒழுங்காகத் தெரிந்த ஒயர் அந்தப் பச்சை ஒயர்தான்.

பால்கனி மூன்றடியா, இரண்டடியா

மீட்டரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்ததில், நிஜமான ஆபத்து பால்கனி வரைபடத்தில் இருப்பது தாமதமாகத்தான் கண்ணில் பட்டது. எங்கள் தெருவில் எல்.டி. (வீடுகளுக்கு வரும் தாழ்வழுத்த) லைன் இன்னும் திறந்த கம்பிகள்தான். வீட்டுச் சுவரிலிருந்து கிட்டத்தில் உள்ள கம்பிக்குப் படுக்கைவாட்டில் 2 மீட்டர். அளந்தது லேசர் மீட்டரால், அதுவும் அறைக்குள்ளிருந்து ஜன்னல் வழியாக. இந்த வேலைக்கு ஸ்டீல் டேப்பை மாடியில் நின்று நீட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடமிருந்து டேப்பைப் பிடுங்கி வைக்க வேண்டும்.

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளில், இதுபோன்ற தாழ்வழுத்த லைன் கட்டடத்துக்குப் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர் தள்ளியும், மேலே போனால் 2.5 மீட்டர் உயரத்திலும் இருக்க வேண்டும். 11 கே.வி. (11,000 வோல்ட்) லைனுக்குப் பக்கவாட்டில் அதே 1.2 மீட்டர், மேலே 3.7 மீட்டர். 1956-ஆம் ஆண்டின் பழைய இந்திய மின்சார விதிகளிலும் இதே அளவுகள்தான். அதுவும் காற்றில் கம்பி வீட்டுப் பக்கம் சாயும் அதிகபட்ச நிலையிலிருந்து அளக்க வேண்டும், அசையாமல் தொங்கும் நிலையிலிருந்து அல்ல. மூன்றடி பால்கனி என்றால் 0.9 மீட்டர் போய்விடும். மீதி 1.1. காற்றே அடிக்காவிட்டாலும் விதிக்குள் வராது. அதன்மேல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடி, துணி காயப்போட அலுமினியக் கொடிக்கம்பி.

“பக்கத்துத் தெருவுல பி.வி.சி. பைப்பக் கீறி கம்பி மேல மாட்டியிருக்காங்களே மாமா?”

மாட்டியிருக்கிறார்கள், ஊரெல்லாம் பார்க்கலாம். வெயிலில் ஒரு வருஷம் காய்ந்த பைப் அது. கீறல் வழியாக மழைநீர் நிற்கும், காற்றில் நகர்ந்து கம்பத்துப் பக்கம் ஒதுங்கிவிடும். பார்க்கிறவருக்குத் தைரியம் கொடுப்பதைத் தவிர வேறெதற்கும் அது உதவாது. அந்தத் தைரியம்தான் கெடுதல். திறந்த கம்பிகளை எடுத்துவிட்டுக் காப்பிட்ட ஒயர்களை ஒன்றாக முறுக்கிய ஏரியல் பஞ்ச்டு கேபிள் போடச் சொல்லி மனு கொடுக்கலாம், கொடுத்தும் இருக்கிறோம். அது வரும் என்று நம்பிக் கான்கிரீட் போட முடியாது. பால்கனி இரண்டடியானது. மீதி 1.4 மீட்டர். ஊஞ்சல் போடும் ஆசை அதோடு போயிற்று. மருமகன் இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் இந்தத் தூரங்களை யாருக்கும் புத்தகம் வைத்து விளக்க வேண்டியதில்லை. 2022 ஏப்ரல் 27 விடியற்காலையில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் தேர் உயர்மின்னழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். அக்காவிடம் அதை நினைவுபடுத்தியதும் பால்கனி விவகாரம் அன்றே தீர்ந்தது.

சர்வீஸ் ஒயர்: மேலேயா, கீழேயா

அடுத்த கோரிக்கை, கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஒயரைப் பூமிக்கடியில் கொண்டுவருவது. தெருவைக் குறுக்கே வெட்டி, ஆர்மர்டு (இரும்புக் கவசம் உள்ள) கேபிளை முக்கால் மீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் இறக்கி, மேலும் கீழும் மணல் கொடுத்து, செங்கல் பரப்பி, வண்டி ஓடும் பகுதியில் குழாய்க்குள் விட வேண்டும். எங்கள் தெரு சிமென்ட் ரோடு. வெட்ட நகராட்சி அனுமதி, திரும்பப் போட்டுக்கொடுக்கப் பணம், நடுவில் சாக்கடையைத் தாண்டுவது தனிக்கதை. செய்ய முடியாததில்லை.

ஆனால் என்ன கிடைக்கும்? 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்தபோது டெல்டா முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல் கம்பங்கள் விழுந்தன. மற்ற மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வந்து சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். கம்பத்திலிருந்து வீடு வரை கேபிளைப் பூமிக்கடியில் விட்டிருந்தவர் வீட்டிலும் அதே இருட்டு, அதே நாட்கள். கம்பமே படுத்துவிட்டால் கடைசிப் பத்து மீட்டர் மண்ணுக்குள் பத்திரமாக இருந்து என்ன? தெரு முழுக்க, சப்ளை வரும் இடம் வரை பூமிக்கடியில் போனால் புயலுக்குத் தாங்கும், அதற்கு அரசாங்கம் செலவு செய்ய வேண்டும். தனி வீட்டுக்காரர் தன் பங்கை மட்டும் புதைத்தால் கிடைப்பது முகப்பு அழகு. அதோடு ஒரு தொல்லையும் சேரும்: மேலே போகும் ஒயர் அறுந்தால் லைன்மேன் நிமிர்ந்து பார்த்ததும் தெரியும், புதைத்த கேபிளில் பழுது என்றால் எங்கே தோண்டுவது என்று தேடவே தனிக் கருவி வேண்டும்.

மேலேயே வரட்டும் என்று முடிவானதும் வேறு சிக்கல். தெருவைக் குறுக்கே கடக்கும் தாழ்வழுத்த ஒயர் 5.8 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, வீடு பள்ளமாகவும் ரோடு மேடாகவும் ஆகிவிட்டது. அதே கணக்கில் ஒயர் ரோட்டுக்குத் தாழ்ந்துவிட்டது. அறுவடை முடிந்து வைக்கோல் லாரி வருகிற நாளில் தெருக்காரர் ஒருவர் மூங்கிலோடு ஏறி நின்று ஒவ்வொரு சர்வீஸ் ஒயராகத் தூக்கிவிட்டுக்கொண்டே போவார். இங்கே அது ஒரு வழக்கம்போல ஆகிவிட்டது. ஆகவே புதிய ஜி.ஐ. குழாய் பழையதைவிட உயரமாகப் போக வேண்டும். மருமகன் கேட்டதோ கைப்பிடிச் சுவருக்குக் கீழே, கண்ணில் படாமல்.

ஒயர்மேன் அண்ணன்தான் வழி சொன்னார். “குழாய ஏன் தம்பி முகப்புல நிறுத்துறீங்க? தெற்கு மூலைல, பக்கவாட்டுச் சுவத்தோட ஏத்துங்க. ஒயரு கொஞ்சம் சாய்ஞ்சு வரும், பால்கனிக்கும் எட்டாம போகும்.” அப்படியே செய்தோம். உயரம் கிடைத்தது, பால்கனியிலிருந்து தூரமும் கிடைத்தது, தெருவிலிருந்து நேராகப் பார்த்தால் குழாய் சுவரின் விளிம்போடு ஒரு கோடாகத்தான் தெரிகிறது. குழாயின் வாய் கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும், ஒயர் அதற்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் விட்டு ஏற வேண்டும். இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டே மீட்டருக்குள் இறங்கும். ஒயரின் எடையை ஜி.ஐ. தாங்கு கம்பியும் பீங்கானும் தாங்க வேண்டும், ஒயரே தாங்கக்கூடாது. அந்தத் தொங்கலை இழுத்து நேராக்கினால் ‘அழகாக இருக்குமே’ என்று மருமகன் கேட்டபோது, அண்ணன் பதில் சொல்லாமல் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

பெட்டி

எலிவேஷன் படம் போட்ட டிசைனர் மீட்டருக்குக் காட்டிய இடம், வாசலில் செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டு. முன்னால் மரச்சட்டக் கதவு. குனிந்து, செருப்பை விலக்கி, கதவைத் திறந்து ரீடிங் எடுக்க வேண்டும். அக்கா பாதி நாள் பேத்தியைப் பார்க்க பெங்களூர் போய்விடுகிறாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறவருக்கு மீட்டர் தெரியாவிட்டால் ‘டோர் லாக்’ என்று போட்டுவிட்டுப் போவார். அப்புறம் பில்லில் ஒரு குழப்பம், அதைச் சரிசெய்ய ஒரு அலைச்சல். மரக்கதவு என்றால் கரையான். பூட்டிய மர அலமாரிக்குள் காற்றோட்டம் இல்லாமல் எம்.சி.பி. (லோடு மீறினால் தானே விழும் சுவிட்ச்) வைத்தால் இன்னொரு தொல்லை. வீட்டு எம்.சி.பி.யின் ஆம்பியர் கணக்கு 30 டிகிரி வெப்பத்துக்குப் போட்டது. சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் அதைவிட எவ்வளவோ ஏறும். லோடு சரியாக இருக்கும்போதே ட்ரிப் ஆகும். அப்போது எல்லோரும் செய்வது, பெரிய ஆம்பியர் எம்.சி.பி. மாற்றுவது. பழைய வீட்டில் செம்பு இழையை முறுக்கிச் செருகியவர் செய்ததும் அதே காரியம்தான்.

நாங்கள் தேர்ந்தது வாசல் நடையின் பக்கச் சுவர். அது தெருவுக்குச் செங்குத்தாக நிற்கிறது. எதிர்வீட்டிலிருந்து பார்த்தால் பெட்டி தெரியாது, கேட்டில் வந்து நின்றால் கண் உயரத்தில் மீட்டர் தெரியும். சுவரைக் குடைந்து முழுப் பெட்டியையும் உள்ளே தள்ளிவிடலாம் என்றார் கொத்தனார். சுமை தாங்கும் செங்கல் சுவரில் செங்குத்துக் காடி கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும், படுக்கைக் காடி ஆறில் ஒரு பங்குக்கு மேலும் போகக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவரில் மூன்று, ஒன்றரை. ஆகவே மூன்று அங்குலம்தான் உள்ளே. மீதி வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. துருத்தட்டும்.

பெட்டி லேத் பட்டறையில் தகட்டில் அடித்தது. மேல்தகடு முன்னால் இரண்டு அங்குலம் நீண்டு சாய்ந்திருக்கும், மழை வடிய. பக்கங்களில் கீழ்நோக்கிய காற்றுத் துளைகள்; உள்பக்கம் சன்னமான வலை, பல்லி புகாமல். எங்கள் பக்கம் எம்.சி.பி. போவதற்கும் ஸ்டார்ட்டர் போவதற்கும் பல்லியும் எறும்பும் பெரிய காரணம், யாரும் அதை எஸ்டிமேட்டில் சேர்ப்பதில்லை. மீட்டர் பகுதிக்கு அக்ரிலிக் ஜன்னல். ஈ.பி. பகுதியும் எங்கள் மெயினும் தனித்தனி அறை, தனித்தனிக் கதவு. அவர்கள் சீல் போட்டால் எங்களுக்கு இடைஞ்சல் இல்லை. பிற்பாடு சோலார் போட்டால் வேறு மீட்டர் வருமே என்று கையளவு இடம் கூடுதலாக விட்டேன். பவுடர் கோட்டிங் சுவர் நிறத்தில். அந்தச் சுவருக்கு வாங்கி வைத்திருந்த மரநிறப் பலகைகளைப் பெட்டி மேலும் ஒட்டிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. கதவின் எடை ஏறி கீல் தொங்கிவிடும், துளைகளும் அடைபடும் என்று அதை அங்கேயே நிறுத்தினேன்.

சர்வீஸ் ஒயர் அலுமினியம், எங்கள் மெயினிலிருந்து உள்ளே போவது செம்பு. அலுமினிய முனைக்கு லக் (உலோக முனைக்கொப்பி) போட்டு அழுத்தி, டெர்மினல் திருகுகளை லோடு ஓடிய சில வாரம் கழித்து ஒருமுறை சப்ளையை நிறுத்திவிட்டுத் திரும்ப முறுக்கினோம். தளர்ந்த திருகுதான் சூடாகி முதலில் கறுக்கும் இடம். எவ்வளவு அழகான பெட்டியானாலும் இதற்காகத் திறந்தாக வேண்டும்.

உள்ளே

அறைகளுக்கு லைன் பிரியும் டி.பி. பெட்டியைக் கூடத்தில் ஒரு பெரிய தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பின்னால் மறைப்பது மருமகன் திட்டம். கண்ணாடியும் சட்டமுமாக அதைத் தூக்கி இறக்க ஆள் வேண்டும். ராத்திரி லைட் போனால் அறுபத்தைந்து வயது அக்கா அதைத் தூக்குவாளா? சமையலறைக்குப் போகும் நடையில், நின்றவாக்கில் கை எட்டும் உயரத்தில், சாதாரணத் தகட்டுக் கதவோடு வைத்தோம். ஃபேஸுக்கு ஒன்றாக மூன்று தனித்தனி ஆர்.சி.சி.பி. (மின்கசிவைக் கண்டதும் சப்ளையை அறுக்கும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர். ஒன்று விழுந்தால் முழு வீடும் இருட்டாகாது. அதில் இருக்கும் ‘டி’ என்ற டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும். ஓவியத்துக்குப் பின்னால் இருந்தால் அந்தப் பட்டனை வாழ்நாளில் யாரும் தொடமாட்டார்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரி மாடிப்படிக்குக் கீழே, சரி. ஆனால் ‘சுத்தமாக மூடி’ என்று வரைந்திருந்தார்கள். டியூபுலர் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், தீப்பற்றும் வாயு. கதவின் அடியிலும் உச்சியிலும் காற்றுப் போக இடைவெளிச் சட்டம் விட்டு, டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மேலே ஓரடி இடமும் விட்டோம்.

கூடம்தான் எனக்குப் பிடித்த பகுதி. மெட்ராஸ் டெரஸில் கான்கிரீட் தளம்போல உள்ளே பைப் பதிக்க முடியாது. உத்திரத்தின் மேல் அடுக்கிய செங்கல்லைக் குடைந்தால் காரை உதிரும். மருமகனின் விடை ஃபால்ஸ் சீலிங். பர்மா தேக்கு உத்திரங்களை ஜிப்சம் அட்டையால் மூடி, அதற்குமேல் ஒயர்களையும் ஜங்ஷன் பாக்ஸ்களையும் கண்ணில் படாமல் போட்டு, ஒழுகலா கரையானா எதுவும் தெரியாமல் அடைத்துவிடுவது. இதற்கு மட்டும் நான் சத்தம் போட்டேன்.

பழைய ஒயரிங் தேக்கு ரீப்பரில், சீரான இடைவெளியில் அலுமினியக் கிளிப் போட்டு ஓடியது. அந்த வேலையைச் செய்தவர் சுவருக்கும் உத்திரத்துக்கும் சந்திக்கும் நிழலில் ரீப்பரை ஓட்டி, வளைவே இல்லாமல், தேவைப்படும் இடத்தில் மட்டும் இறக்கியிருந்தார். ஒயர் உறை காய்ந்து நொறுங்கிவிட்டது, அதை வைத்துக்கொள்ள முடியாது. பாதையை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டோம். ரீப்பர் இருந்த கோட்டில் 20 மில்லிமீட்டர் பி.வி.சி. பைப், சுவரில் நூல் அடித்து, இரண்டடிக்கு ஒரு சேடில் (பைப்பைப் பிடிக்கும் கிளிப்). லைட்டுக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயர். ஜங்ஷன் பாக்ஸ் எல்லாம் வெளியே, திருகு மூடியோடு. பைப்பை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பிரைமர் கொடுத்து, உத்திரத்தின் கறுப்புக்குக் கிட்டத்தட்டப் பெயின்ட் அடித்தோம். தேய்க்காமல் அடித்தால் உரிந்து தொங்கும். நேராக ஓடிய பைப்பைப் பார்த்துவிட்டு மருமகன் போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினான். பெங்களூரில் காபிக் கடைகளில் வேண்டுமென்றே இப்படிப் போடுகிறார்களாம்.

சுவிட்சில் நான் வாயைத் திறக்கவே தேவையில்லை. கண்ணாடி டச் பேனல் மாதிரி ஒன்றை மருமகன் வாங்கி வந்து காட்டினான். அக்கா கண்ணை மூடிக்கொண்டு அதன்மேல் கையைத் தடவினாள். “ராத்திரி எந்திரிச்சா நான் இப்படித்தான்டா தடவுவேன். எல்லாம் வழவழன்னு இருக்கு, எது லைட்டு, எது ஃபேனு? தடவுன தடவுல மொத்தமும் எரியுது.” அந்த ஒரு பேனல் மாடி அறைக்குப் போயிற்று. கீழே எல்லாம் சாதாரண மாடுலர் சுவிட்ச், ஃபேன் சுவிட்ச் எப்போதும் கடைசியில். சமையல் மேடையில் அழுத்தினால் எழும்பும் பிளக் பாயின்ட் வேண்டாம் என்றதும் அவள்தான். கிரைண்டர் கழுவிய தண்ணீர் மேடையில் எங்கெங்கே ஓடும் என்று அவளுக்குத் தெரிந்த அளவு டிசைனருக்குத் தெரியாது.

எர்த் குழி

முன்வாசலில் டைல்ஸ். எர்த் குழியின் மூடி அதன் நடுவே வந்தது. இடம் மாற்ற முடியாது, ஒரு பக்கம் செப்டிக் டேங்க், மறுபக்கம் தென்னை. 3 மீட்டர் ஜி.ஐ. பைப் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றப் புனல் வைத்தது. களிமண் பூமி, அளந்தபோது 4 ஓமுக்குக் கொஞ்சம் கீழே காட்டியது. நல்ல அளவுதான், ஆனாலும் 230 வோல்ட்டை 4-ஆல் வகுத்தால் 57 ஆம்பியர்தான் ஓடும். கீசர் பாடியில் முழு லீக் வந்தாலும் 20 ஆம்பியர் சி வகை எம்.சி.பி. சட்டென்று விழ அதன் ஐந்து முதல் பத்து மடங்கு வேண்டும், அதாவது குறைந்தது 100 ஆம்பியர். எர்த் நன்றாக இருக்கிறது, ஆர்.சி.சி.பி. எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவது.

மூடியை டைல்ஸுக்கு அடியில் புதைக்கச் சொன்னார்கள். கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும், போல்ட் துருப்பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரும்புச் சட்டத்தில் தட்டு மாதிரி ஒரு மூடி செய்து, அதன் குழிவில் அதே டைல்ஸை வெட்டிப் பதித்தோம். இரண்டு ஓரத்தில் கொக்கி நுழைய ஓட்டை. இந்த ஒரு இடத்தில்தான் டிசைனர், ஒயர்மேன் அண்ணன், நான் மூவரும் சண்டையில்லாமல் ஒத்துப்போனோம்.

மீதி இருப்பவை: அக்ரிலிக் ஜன்னல் மழை நாளில் உள்பக்கம் ஆவி பிடிக்கிறது, மேலே இன்னும் இரண்டு துளை போட வேண்டும். ஜி.ஐ. குழாயில் காகிதப்பூக் கொடி ஏற்றிவிடலாம் என்று மருமகன் தொட்டி வாங்கி வைத்திருக்கிறான். கொடி குழாயோடு நிற்காது, ஒயர்மேல் ஏறும், அப்புறம் அதை வெட்ட ஒருவன் ஏற வேண்டும். தொட்டியை வடக்கு மூலைக்கு நகர்த்தியிருக்கிறேன்.

மோட்டார் ஸ்டார்ட்டரைத் தொடவே இல்லை. அது கொல்லையில் கிணற்றடிச் சுவரில், அடி துருப்பிடித்து ஓட்டை விழுந்த தகர டப்பாவுக்குள் இருக்கிறது. தெருவிலிருந்து தெரியாததால் அதைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லை. ஈரக் கையோடு அக்கா காலையும் மாலையும் தொடுகிற சாமான் அதுதான். அதைப் பின்கட்டுத் தாழ்வாரத்துக்கு, மழை படாத சுவருக்கு மாற்ற ஒயர் இழுத்து முனையை மூடி வைத்தாயிற்று. லேத் பட்டறையில் பெட்டிக்கு அளவு கொடுத்திருக்கிறேன்.